ஒரு ஏ.ஈ. பிஸ்டல் வாங்கினால்

ஜனவரி 8, வியாழன்

லைசென்ஸ் வந்துவிட்டது! பதினாலு மாதம் ஆயிற்று. தாசில்தார், ஆர்.டி.ஓ., போலீஸ் விசாரணை, டாக்டர் சர்டிபிகேட், மறுபடியும் போலீஸ் விசாரணை. மின்வாரியத்தில் முப்பத்து நாலு வருஷம் குப்பை கொட்டி, உதவிப் பொறியாளராக, அதாவது ஏ.ஈ.யாக, ரிட்டயர் ஆனவன் நான். ஒரு ஃபைல் எப்படி நகராமல் உட்காரும் என்று எனக்கா தெரியாது? எத்தனையோ ஃபைல்களை நானே உட்கார வைத்திருக்கிறேன். அதனால் யார்மீதும் கோபப்படவில்லை.

காங்கயத்துக்கு வெளியே நாலு ஏக்கர் தென்னை, நடுவில் வீடு, வீட்டில் நானும் சுலோச்சனாவும். பக்கத்து வீடு என்றால் அரை கிலோமீட்டர் தள்ளி சுபேதார் தங்கவேலு வீடுதான். போன வருஷத்துக்கு முந்திய வருஷம் இரண்டு ஊர் தள்ளி, இதேபோலத் தனியாக இருந்த வயசான தம்பதியைக் கட்டிப்போட்டு அடித்து நகையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெரியவர் பிழைக்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் மகள் தாரணி கோயமுத்தூரிலிருந்து தினமும் போன் செய்து ஒரே பாட்டுத்தான்.

"அப்பா, சித்திரைக்குள்ள ஒண்ணு ஊட்டுல துப்பாக்கி இருக்கோணும். இல்ல ரெண்டு பேரும் என்ற ஃபிளாட்டுக்கு வந்தரோணும். அவ்வளவுதான்."

ஒன்பதாவது மாடியில் போய் நான் என்ன செய்வது? லிஃப்டில் ஏறி இறங்குவதா? அதற்குத் துப்பாக்கியே வாங்கிவிடலாம்.

லைசென்ஸைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்தேன். "வாங்கறது வாங்கறீங்க, சுடத் தெரியுமாங்க?" என்றாள் சுலோச்சனா. என்ன கேள்வி!

ஜனவரி 11, ஞாயிறு

நோட்டில் கட்டம் போட்டேன். செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல் என்றால், முதல் குண்டை நாம் ஏற்றிவிட்டால் போதும், பிறகு விசையை அழுத்த அழுத்த அடுத்த குண்டு தானாக வந்து நிற்கும். அது எல்லாவற்றுக்கும் பொது. மற்றதில்தான் வித்தியாசம். எடை, பிடி, விசையின் இறுக்கம், மேகசினில் எத்தனை குண்டு, குறி பார்க்கும் முனை கண்ணுக்குத் தெரிகிறதா, தள்ளிவிடும்வரை சுட விடாத சேஃப்டி பொத்தான் உண்டா. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை மார்க் என்று போட்டேன்.

சாயங்காலம் சுபேதார் வந்தார். நோட்டைப் பார்த்துவிட்டு அப்படிச் சிரித்தார்.

"ஏ.ஈ. சார், டிரான்ஸ்ஃபார்மருக்கு டெண்டர் உடறீங்களா?"

"நீங்க பட்டாளத்துல குடுத்ததத் தூக்கிட்டுப் போனீங்க. நான் காசு குடுத்து வாங்கறேன்."

சேஃப்டிக்குப் பத்துக்குப் பத்து போட்டிருந்ததை அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "அந்தப் பொத்தானே இல்லாதது வாங்குங்க. திருடன் வந்து நிக்கறப்ப கை பதறும். பொத்தானத் தள்ள மறந்து போவீங்க. உசுரு போயிரும்."

எனக்குச் சுருக்கென்று வந்தது. "லைன் ஆஃப் ஆயிருச்சான்னு பாக்காம ஒருத்தனக்கூட நான் கம்பத்துல ஏத்துனதில்ல. முப்பத்து நாலு வருஷம். நானா மறப்பன்?"

"கம்பம் உங்களத் திருப்பி அடிக்க வர்லீங்களே" என்றார். காபியைக் குடித்துவிட்டுப் போனார். மனுஷனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஜனவரி 19, திங்கள்

கோயமுத்தூர் போய்விட்டு வந்தோம். கடைக்காரர் ஹபீபுல்லா பாய், அப்பா காலத்திலிருந்து ஆயுத வியாபாரம். குளிரக் குளிர மோர் கொடுத்தார். அப்புறம் ஒவ்வொன்றாகக் காலி பிஸ்டல்களை எடுத்து வெல்வெட் துணிமேல் வைத்தார். எனக்குப் பிடித்தது உள்ளங்கைக்குள் அடங்குகிற குட்டி.

"சின்னது பாக்க அழகா இருக்கும் சார். சுட்டா கைய உதறி எடுத்துரும். இடுப்புல சொருகிட்டுத் திரியறவங்களுக்கு அது. நீங்க வீட்டுல வைக்கப் போறீங்க. கொஞ்சம் கனமாவே இருக்கட்டும், ஆட்டம் கம்மி."

நியாயமாகப் பட்டது. எடைக்குப் போட்டிருந்த மார்க்கைத் திருத்தினேன்.

அடுத்தது ஸ்லைடு. பிஸ்டலின் மேல்பாதியைப் பின்னால் இழுத்து விட்டால்தான் முதல் குண்டு உள்ளே ஏறும். இழுத்தேன். பாதிதான் வந்தது. இன்னொரு தடவை இழுத்தேன், விரல் வழுக்கிவிட்டது. ஸ்பிரிங் புதுசு, இறுக்கம். அதைத்தான் பாயிடம் சொன்னேன். அதற்குள் சுலோச்சனா, "இப்பிடிக் குடுங்க" என்று வாங்கி, வயிற்றோடு சேர்த்துப் பிடித்து, மேல்பாதியை ஒரு கை இறுக்கிக்கொள்ள மறு கையால் அடிப்பாகத்தை முன்னால் தள்ளினாள். சடக்! ஊறுகாய் ஜாடி மூடி திறக்கிற மாதிரி இருந்தது.

பாய் பதறிவிட்டார். "அம்மா, லைசென்ஸ் சார் பேர்ல..."

"காலிதானுங்களே" என்று சொல்லித் திருப்பி வைத்துவிட்டாள்.

பிறகு நான் கேட்டதெல்லாம் கேட்டேன். விசை கொஞ்சம் இறுக்கமாக வேண்டும், லேசாகப் பட்டதும் வெடிக்கக் கூடாது. சேஃப்டி கண்டிப்பாக வேண்டும். சேஃப்டி போட்டிருக்கிறதா என்று தெரிய சிவப்புப் புள்ளி வேண்டும். குண்டு உள்ளே இருக்கிறதா என்று விரலால் தடவித் தெரிந்துகொள்ள முடிய வேண்டும். கீழே விழுந்தால் வெடிக்கக் கூடாது. பாய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. எல்லாரும் நல்லா சுடற துப்பாக்கி கேப்பாங்க. நீங்க சுடாத துப்பாக்கியா கேக்கறீங்க."

சுலோச்சனா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தாள். வரும் வழியில் அன்னபூரணி படம் மாட்டியிருந்த ஒரு சின்ன ஓட்டலில் ரவா தோசை சாப்பிட்டோம். நன்றாக இருந்தது.

ஜனவரி 20, செவ்வாய்

முழங்கை வலி. தைலம் போட்டுவிட்டாள்.

ஜனவரி 30, வெள்ளி

மேகசின் கணக்கில் ஒரு வாரம் போய்விட்டது. எட்டா, பத்தா, பதின்மூன்றா? எத்தனை பேர் வருவார்கள் என்று யோசித்தேன். இரண்டு ஊர் தள்ளி வந்தது நாலு பேர். ஆளுக்கு இரண்டு என்றால் எட்டு. கட்டத்தில் எட்டு என்று எழுதிவிட்டு நோட்டை மூடிவிட்டேன்.

பிப்ரவரி 9, திங்கள்

வாங்கியாயிற்று. குழல் அளவு முப்பத்திரண்டு போர், எட்டு குண்டு மேகசின், கனமானது, இடது பக்கம் சேஃப்டி பொத்தான், சிவப்புப் புள்ளி. கட்டத்தில் அறுபதுக்கு ஐம்பத்தைந்து மார்க். பாய் கடைசியாகச் சொன்னார்: "சார், சேம்பர்ல, அதான் குழலுக்குள்ள, குண்டு ஏத்தி வைக்காதீங்க. வேணுங்கறப்ப ஏத்திக்கலாம்." தலையாட்டினேன்.

தாரணிக்கு போட்டோ அனுப்பினேன். மூன்று கைதட்டல் படம் பதில் வந்தது. ஃபிளாட் பேச்சு ஒழிந்தது!

பிப்ரவரி 13, வெள்ளி

ரைஃபிள் கிளப்பில் பயிற்சி. பத்து குண்டு சுட்டேன், மூன்று பேப்பரில் பட்டது. சத்தம் பழகவில்லை. அங்கிருந்த பயிற்சியாளர், "கண்ண மூடிட்டுச் சுடறீங்க சார்" என்றார். வெயில் அப்படி.

பிப்ரவரி 20, வெள்ளி

இந்த ஒரு வாரமாக நல்ல தூக்கம். ஒரு வருஷமாக மட்டை விழுந்தால் எழுந்து உட்கார்ந்துகொண்டிருந்தேன். அதை இப்போது எழுதுவதில் என்ன வெட்கம்? பிஸ்டல் கட்டிலுக்குப் பக்கத்து மேஜை டிராயரில் இருக்கிறது. அவசரத்தில் ஸ்லைடு எனக்கு இழுபடாது என்பதால் ஒரு குண்டை முன்கூட்டியே ஏற்றி, சேஃப்டியும் போட்டு வைத்துவிட்டேன். பாய் வேண்டாம் என்றுதான் சொன்னார். அவருக்கு என்ன, கடையில் நாலு பேர் இருக்கிறார்கள்.

சுலோச்சனாவுக்குத்தான் பிடிக்கவில்லை. "அதப் பீரோவுல வெய்யுங்க. எனக்கு அந்தப் பக்கம் கை வெக்கவே கூசுது" என்றாள். எல்லாம் பழகிவிடும் என்று சொன்னேன்.

பிப்ரவரி 26, வியாழன்

எழுத ஒன்றுமில்லை. தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சினேன். முருங்கைக்காய்க் குழம்பில் உப்பு தூக்கல். நான் ஒன்றும் சொல்லவில்லை.

பிப்ரவரி 27, வெள்ளி

பிஸ்டலைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். குண்டெல்லாம் வேறு டப்பாவில். காலையில் நானே காபி போட்டு அவளை எழுப்பிக் கொடுத்தேன். என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஏனுங்க, ஒடம்பு கிடம்பு செரியில்லீங்களா?"

"பொண்டாட்டிக்கு ஒரு காபி போட்டா சீக்காளியா?"

"கல்யாணமாகி முப்பத்தேழு வருசத்துல இது மூணாவது காபிங்க. அதான் கேட்டேன்."

மார்ச் 3, செவ்வாய்

கொல்லைக் கதவுக்கு வெளியே பெரிய எல்.இ.டி. விளக்கு போட்டேன். இனி கொல்லையில் ஓர் எறும்பு போனாலும் முகம் தெரியும். சுலோச்சனாவிடம், கொல்லைப் பக்கமிருந்து வருகிறபோது ஒரு குரல் கொடுத்துவிட்டு வா என்று சொன்னேன்.

"நானென்ன தாராபுரம் பஸ்ஸா, ஆரன் அடிச்சிட்டு வாரதுக்கு?"

"சொன்னாக் கேளு புள்ள."

என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் "செரிங்க" என்றாள். அதிலிருந்து கொல்லைக்குப் போனால் பாடிக்கொண்டே வருகிறாள். சகிக்கவில்லை. ஆனால் பாடட்டும்.

மார்ச் 16, திங்கள்

தேர்தல் தேதியை அறிவித்துவிட்டார்கள். தேர்தல் முடிகிறவரை லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் என்பது எப்போதும் உள்ள வழக்கம். காலை எட்டரைக்கெல்லாம் பிஸ்டலை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய்விட்டேன். ஏட்டையா அப்போதுதான் பல் விளக்கிவிட்டு வந்தார்.

"சார், கலெக்டராபீஸ்ல இருந்து எங்களுக்கே இன்னும் நோட்டீஸ் வர்ல."

"வாரப்ப வரட்டுங்க. நீங்க வாங்கி வெச்சுக்குங்க."

"மத்தவங்களுக்கெல்லாம் நாங்க நாலு தடவ போன் போட்டுக் கெஞ்சோணும். நீங்கதான் சார் நல்ல குடிமகன்" என்றார். ரசீதை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். பேக்கரியில் தேங்காய் பன் வாங்கி, வண்டியில் உட்கார்ந்தபடியே இரண்டு தின்றேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

தாரணி வந்திருந்தாள். துப்பாக்கி ஸ்டேஷனில் இருக்கிறது என்றதும் முகம் மாறியது. தேர்தல் முடிந்ததும் முதல் வேலையாக வாங்கிவிட வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். போகும்போது, "அப்பா இருக்கறதுனாலதான் அம்மாவப் பத்தி நான் நிம்மதியா இருக்கேன்" என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டாள். கார் போன பிறகும் நான் கேட்டிலேயே நின்றிருந்தேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

தாரணி சொன்ன அந்த வார்த்தை இரண்டு வாரமாக நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது. எழுதிவிடுகிறேன். இந்த டைரியிலாவது உண்மை இருக்கட்டும்.

பிப்ரவரி 26, காலை ஐந்தே முக்கால். இன்னும் நன்றாக விடியவில்லை. கண் விழித்தால் பக்கத்தில் சுலோச்சனா இல்லை. கொல்லையில் கிளை முறிகிற சத்தம். டிராயரைத் திறந்து அதை எடுத்துக்கொண்டு, விளக்கு எரிந்துகொண்டிருந்த சமையலறைக்குப் போனேன். கொல்லைக் கதவின் கம்பி வலைக்கு வெளியே ஓர் ஆள். தலையில் முண்டாசு, கையில் நீளமாக ஏதோ. பத்தடி தூரம்கூட இல்லை. அந்த ஆள் என் பக்கம் திரும்பினான்.

யார் என்று நான் கேட்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, நேராக நெஞ்சைப் பார்த்து விசையை அழுத்தினேன். முழு பலத்தோடு அழுத்தினேன். விசை கல்லாக நின்றது. மறுபடியும் அழுத்தினேன். இரண்டு தடவை.

சேஃப்டியைத் தள்ள மறந்திருந்தேன்.

அப்போதுதான் அந்த ஆள் கையை உயர்த்தித் தொரட்டியால் முருங்கைக்காயை இழுத்தான். கண்ணாடி வளையல் குலுங்கியது. பனிக்கு என் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு காய் பறித்துக்கொண்டிருந்தவள் சுலோச்சனா.

கட்டிலுக்கு எப்படித் திரும்பி வந்தேன் என்று தெரியாது. அவள் உள்ளே வர வெகுநேரம் ஆயிற்று. நான் தூங்குவதுபோல் படுத்திருந்தேன். நான் மறந்ததால் அவள் இருக்கிறாள். மறக்காத ஏ.ஈ.யாக இருந்திருந்தால் இன்றைக்கு நான் என்னவாக இருப்பேன்? சுபேதார் சொன்னபடி பொத்தான் இல்லாததை வாங்கியிருந்தால்? இதற்குமேல் எழுத முடியவில்லை.

அவளிடம் சொல்ல வேண்டும். நாளைக்குச் சொல்கிறேன்.

ஏப்ரல் 20, திங்கள்

சொல்லவில்லை. மாங்காய் பறித்தோம்.

ஏப்ரல் 28, செவ்வாய்

சொல்லவில்லை.

மே 11, திங்கள்

தேர்தல், எண்ணிக்கை எல்லாம் முடிந்தது. துப்பாக்கியைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லி ஏட்டையா போன் செய்தார். "எனக்கு வேண்டாம், பாய் கடைக்கே விற்பனைக்கு மாற்றிவிட வேண்டும், லைசென்ஸையும் ஒப்படைக்கிறேன்" என்று ஒரு மனு எழுதி எடுத்துக்கொண்டு கிளம்பினேன். சுலோச்சனா, "நானும் வாரேன், வார வழியில துணிக்கடைக்குப் போகோணும்" என்று வண்டியில் ஏறிக்கொண்டாள்.

ஏட்டையா மனுவைப் படித்தார். "காரணம்" என்ற இடத்தில் "தற்போது தேவையில்லை" என்று எழுதியிருந்தேன்.

"சார், பதினாலு மாசம் அலைஞ்சு வாங்குனீங்க. மூணு மாசத்துல தேவையில்லைன்னா மேல கேள்வி கேப்பாங்க. வேற ஏதாச்சும் தெளிவா எழுதுங்க."

என்ன எழுதுவது? பேனாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். பின்னால் பெஞ்சில் இருந்து சுலோச்சனாவின் குரல் கேட்டது.

"ஆளு ஆருன்னு பாக்கறதுக்கு முந்தியே சுட்டுருவாரு, அதுனால வேண்டாம்னு எழுதிக்குங்க சார்."

ஏட்டையா விழுந்து விழுந்து சிரித்தார். "அம்மா நல்லா தமாசு பண்றீங்க" என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வயது முதிர்வு, கைப் பதற்றம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்தே அதற்குச் சாட்சியாக இருந்தது.

வெளியே வேப்பமரத்து நிழலில் வண்டியை நிறுத்தியிருந்தேன். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டேன்.

"எப்பத் தெரியும்?"

"என்னங்க கேள்வி இது? வலைக்கு அந்தப் பக்கம் நாந்தானே நின்னுட்டிருந்தேன். காய இழுத்துட்டுப் பாத்தா, நீங்க சமையக்கட்டு லைட்டுக்குக் கீழ, பனியனோட. அதக் கையில புடிச்சுட்டு."

"அப்பறம் ஏம்புள்ள ஒண்ணுமே சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

எழுபத்து நாலு நாள். எழுபத்து நாலு நாளும் எனக்குச் சோறு போட்டிருக்கிறாள், முழங்கைக்குத் தைலம் தேய்த்திருக்கிறாள், பக்கத்தில் படுத்துத் தூங்கியிருக்கிறாள். எனக்கு நடுரோட்டில் அழுகை வந்துவிட்டது. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தேன். ஸ்டேஷன் வாசலில் நின்றவன் எல்லாம் பார்த்தான். பார்த்துவிட்டுப் போகட்டும்.

"என்னையப் பாத்து உனக்குப் பயமா இல்லியா சுலோ?"

"அன்னிக்கு ஒரு நாளு இருந்துச்சுங்க. மரத்தப் புடிச்சுட்டு நின்னுட்டேன். மக்யா நாளு காலைல காபியத் தூக்கிட்டு வந்தீங்கல்ல, கை நடுங்கி பாதி தட்டுல ஊத்தி. அப்பவே போயிருச்சு."

தாரணிக்கு அங்கேயே போன் போட்டேன். அவள் ஹலோ சொன்னதும் எங்கே தைரியம் போய்விடுமோ என்று அவசரமாகச் சொன்னேன். "தாரணி, நான் உங்கம்மாவத் திருடன்னு நெனச்சு ரெண்டு தடவ விசைய அழுத்திட்டேன். வெடிக்கல. துப்பாக்கியத் திருப்பிக் குடுத்துட்டேன்." "அம்மாகிட்டக் குடுங்க" என்றாள்.

சுலோச்சனா வாங்கிப் பேசினாள். "ம்... நல்லாத்தான் இருக்கறேன் கண்ணு... அழுவாத... நகையெல்லாம் பேங்க் லாக்கர்ல வெச்சரலாம்... இல்ல சாமி, அப்பன வையாத, அவுங்களே வெந்து போயிக் கெடக்கறாங்க... ஃபிளாட்டா?" என்று சொல்லி, போனை நெஞ்சோடு பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்வேன் என்று காத்திருந்தாள்.

பதினாலு மாத லைசென்ஸ், ஆறு கட்டம், அறுபதுக்கு ஐம்பத்தைந்து மார்க். இத்தனையிலும் நான் அவளைக் கேட்டதே இல்லை.

"நீ சொல்லு. உனக்கு எங்க இருந்தாப் பயமில்லாம இருக்கும்?"

சற்று நேரம் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். ஃபிளாட் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே பெட்டி கட்டியிருப்பேன்.

"நம்மூட்லயேதானுங்க" என்றாள். போனைக் காதில் வைத்துக்கொண்டாள். "தாரணி, நாங்க வர்ல கண்ணு. அப்பன் பேச்சக் கேட்டுட்டுச் சொல்றேன்னு நெனைக்காத. அப்பன் என்னையக் கேட்டாங்க."